கடைசியா வர்றவன்

கேட்டது காதுல விழுந்துச்சு மாஸ்டர். சின்னவன மறுபடியும் உங்க டீமுக்கு அனுப்பணும், கோல்ல நிக்க ஆளில்ல. அவ்வளவுதான? பதில் சொல்லாம உங்கள அனுப்ப மாட்டேன். மொதல்ல அந்த நாற்காலியிலேருந்து எந்திரிங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி சன்னல் பக்கம் வந்து ஒக்காருங்க.

தெரியுதா? உங்க கிரவுண்டு மொத்தமும் தெரியும் இங்கேருந்து. பசங்க ஒவ்வொருத்தனா வர்றது, மரத்தடியில பையத் தூக்கிப் போடறது, நீங்க விசில் ஊதினதும் சிகரெட்டப் பின்னாடி மறைக்கறது, எல்லாம் தெரியும். யாருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். இவ்வளவு பக்கத்துலயா வீடுன்னு பாக்கறீங்க. நடுவுல ஒரு ரோடுதான். பரவால்ல விடுங்க, சில ரோட்டத் தாண்ட நாளாகும்.

மெதுவாப் பேசுங்க, உள்ள பெரியவன் தூங்கறான்.

தண்ணி குடிங்க. சின்னவன் வெளிய போயிருக்கான், இப்ப வர மாட்டான். அவன்கிட்டயே பேசிக்கலாம்னு நெனச்சு வந்தீங்களா? என்கிட்ட பேசறதுதான் நல்லது. இருங்க, பதில் வரும். அதுக்கு முன்னாடி உங்க டீமப் பத்தி நான் கொஞ்சம் சொல்றேன். சிரிக்காதீங்க. காலையில பல் டாக்டர் கிளினிக்ல டோக்கன் குடுக்கற பொம்பளைக்குப் பந்தாட்டத்துல என்ன தெரியும்னு தோணும். எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். மத்தியானம் வந்ததும் பெரியவன் கட்டில் பக்கத்துல ஒக்காருவேன். அவன் கட்டில் உள்ள சன்னலோட ஒட்டிக் கெடக்கு. அவன் பாத்துப் பாத்துச் சொல்லுவான், நான் வெண்டக்கா நறுக்கிக்கிட்டே கேப்பேன். ஒரு வருஷத்துக்கு மேல கேட்டா கழுதைக்குக்கூட ஆஃப்சைடு புரிஞ்சுரும் மாஸ்டர்.

மொதல்ல நல்லதச் சொல்லிடறேன். நடுவுல ஆடற ரெட்டப் பசங்க. அவங்கதான் உங்க சொத்து. ஒருத்தன் திரும்பிக்கூடப் பாக்காம தள்றான், பந்து போற எடத்துல இன்னொருத்தன் நிக்கறான். அத நீங்க சொல்லித் தரல, கோவிச்சுக்காதீங்க, அது அவங்க அம்மா வயித்துலயே ப்ராக்டீஸ் பண்ணிட்டு வந்தது. ஆனா இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சில்ல, கவனிச்சீங்களா? ஒரே சைக்கிள்ல வந்த பசங்க, இப்ப ஒருத்தன் முன்னாடி நடந்து வர்றான், ஒருத்தன் சைக்கிள உருட்டிக்கிட்டுப் பின்னாடி வர்றான். பந்தும் அப்படித்தான் போவுது இப்ப. மூணாவது ஆளச் சுத்திட்டுத்தான் இவன்கிட்டேருந்து அவன்கிட்டப் போவுது. கவனிக்கலயா. ம்.

வலது ஓரத்துல ஒரு பொடியன் ஓடுவானே, நாங்க அவன எலின்னுதான் சொல்லுவோம். ஓட்டம்னா ஓட்டம், பின்னாடி நாய் வர்ற மாதிரி ஓட்டம். அவனப் புடிக்க யாராலயும் முடியாது. ஆனா தலையக் குனிஞ்சவன் நிமிர்றதே இல்ல. கோட்டோரம் போய் நின்னுட்டுத்தான், அட, பந்த யாருக்குக் குடுக்கறதுன்னு பாக்கறான். அதுக்குள்ள அங்க நாலு பேரு வந்து அவனுக்காகக் காத்துக்கிட்டு நிக்கறாங்க.

அப்பறம் அந்தக் கொக்கு. முன்னாடி ஆடற நெட்டையன். மேல வர்ற பந்து மொத்தமும் அவனுக்குத்தான். ஆனா முட்டறப்ப கண்ண இறுக்கி மூடிக்கறான் மாஸ்டர். எங்க கிளினிக்ல ஊசியப் பாத்ததும் மூடிக்கறாங்களே, அதே மூடல். பக்கத்துல ஒருத்தன் சும்மா தோள ஒரசிக்கிட்டே குதிச்சாப் போதும், பந்து வானத்துக்குப் போயிரும்.

எடது பேக்? அவன விடுங்க. அவன் நல்ல பையன். நல்ல பையன்னு மட்டும்தான் சொல்ல முடியும்.

இதெல்லாம் தெரிஞ்சதுதானன்றீங்க. இருக்கலாம். உங்க மொத ஆட்டம் ஆத்துக்கு அந்தப் பக்கக் காலேஜோடதான? அவங்களுக்கும் தெரிஞ்சிருந்தா என்ன பண்ணுவீங்க? அட, சும்மா கேட்டேன். எதுக்கு முகம் மாறுது?

கேப்டனப் பத்திச் சொல்லலயேன்னு பாக்கறீங்க. வர்றேன். தூணப் பத்திச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வர்றேன். ஆமா, பெரியவன் வெச்ச பேருதான், தூணு. கூட ஆடினப்ப வெச்சது. கோலுக்கு முன்னாடி இவன் நின்னா பின்னாடி நான் பேப்பர் படிக்கலாம்மான்னு சொல்லுவான். அவ்வளவு சிநேகம் அப்ப. இந்த வீட்டுலதான் சாப்புடுவான், நீங்க இப்ப ஒக்காந்திருக்கீங்களே, அந்த எடத்துல. உரிமையா இன்னும் கொஞ்சம் போடுங்கம்மான்னு தட்ட நீட்டுவான்.

உங்க டீம்ல பாதி அவன்தான். மறுக்க முடியுமா? அவன் கைய நீட்டினா எல்லாரும் மேல ஏர்றாங்க, கைய எறக்கினா எல்லாரும் பின்ன வர்றாங்க. அவன் இல்லன்னா மத்தவங்க ஆளுக்கொரு பக்கம் ஓடுவாங்க, திருவிழாக் கூட்டத்துல கைய விட்ட கொழந்தைங்க மாதிரி. அது பலம். இனிமே கேக்கறது பலவீனம். அவனோட எடது முட்டி.

இல்லன்னு தலையாட்டாதீங்க மாஸ்டர். வலதுபக்கம் திரும்பறப்ப நல்லாத் திரும்பறான். எடதுபக்கம்னா மொதல்ல ரெண்டு எட்டு சின்னதா வெக்கறான், அப்பறம்தான் திரும்பறான். ஸ்டாக்கிங்க முட்டிக்கு மேல இழுத்து விட்டிருக்கான், உள்ள கட்டு இருக்கு. யாராவது பாத்தா குனிஞ்சு பூட்ஸ் கயிறக் கட்டற மாதிரி முட்டியப் புடிச்சு விட்டுக்கறான். இது பெரியவன் சொன்னதில்ல, நானே பாத்தது. வலிய மறைக்கறவங்கள தெனம் பாக்கறேன் நான். டோக்கன் வாங்கறப்ப நல்லா சிரிச்சுப் பேசறவன்தான் உள்ள போய்க் கத்துவான்.

உங்களுக்குத் தெரியும், இல்ல? தெரிஞ்சுதான் ஊசி போட்டு எறக்கறீங்க.

சரி சரி, எந்திரிக்காதீங்க. கோவம் வேணாம். ஒரு நிமிஷம். அய்யோ, பேச்சுல நேரம் போனதே தெரியல, பெரியவனத் திருப்பிப் போடணும். ஒரே பக்கமாப் படுத்தா முதுகு புண்ணாயிரும். வாங்க, ஒரு கை புடிங்க. சின்னவன் இருந்தா அவன் புடிப்பான், ஒண்டியா என்னால முடியறதில்ல. பரவால்ல, செருப்போடயே வாங்க.

கதவத் தள்ளுங்க. நான் தோளப் புடிச்சுக்கறேன், நீங்க காலப் புடிங்க. கணுக்கால்ல இல்ல, முட்டிக்குக் கீழ ஒரு கை, தொடைக்குக் கீழ ஒரு கை. அழுத்தியே புடிங்க, பயப்படாதீங்க, அவனுக்கு வலிக்காது. அதான விஷயமே. லேசா இருக்கா? ஆமா, லேசாத்தான் இருக்கும். நீங்க பாத்தப்ப எப்படி இருந்த காலு. நான் சொன்னதும் ஒண்ணா உருட்டணும். ம், உருட்டுங்க. அவ்வளவுதான். அந்தத் தலகாணிய ரெண்டு முட்டிக்கும் நடுவுல வெய்யிங்க. போதும், கைய எடுங்க, இனிமே உருள மாட்டான். எனக்கும் மொதல்ல கைய எடுக்க மனசே வராது.

தூங்கட்டும். நாம வெளிய போவோம்.

தண்ணி இன்னும் வேணுமா? இந்தாங்க.

இவ்வளவு நாளா வரலயேன்னு நான் கேக்க மாட்டேன் மாஸ்டர். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, நீங்க அங்க இருந்தீங்க, நான் இல்ல. ஆனா நான் தெரிஞ்சுக்கிட்டதச் சொல்றேன், சரியான்னு பாருங்க.

அப்ப இருந்தது நகத்தற கோல் போஸ்டு. இரும்பு. எங்க வேணும்னாலும் இழுத்துட்டுப் போய் வெச்சுக்கலாம். பின்னாடி தரையில கெடக்கற கம்பி மேல மணல் மூட்ட அடுக்கணும், இல்லன்னா முன்னாடி சாஞ்சுரும். அந்த மூட்டைய யாரு தூக்கறதுன்னு உங்க டீம்ல ஒரு பழக்கம். ப்ராக்டீசுக்கு எவன் கடைசியா வர்றானோ அவன்தான் ஷெட்டுலேருந்து மூட்டையெல்லாம் தூக்கிட்டு வந்து அடுக்கணும். மத்தவங்க சுத்தி நின்னு கைதட்டிக் கேலி பண்ணுவாங்க. நல்ல பழக்கம்தான், தப்புச் சொல்லல. வேலையும் நடக்குது, சிரிப்பும் நடக்குது.

கடைசியா வர்றவன்னா அது எங்க வீட்டுச் சின்னவன்தான். வருஷம் பூராவும் அவன்தான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கெளம்புவாங்க. பெரியவன் படியெறங்கிப் போயிருப்பான், இவன் ஒரு பூட்ஸப் போட்டுக்கிட்டு இன்னொண்ண எங்கம்மான்னு தேடிக்கிட்டுருப்பான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போக அவ்வளவு நேரமாக்குவான். போய், மூட்டையத் தூக்குவான். அண்ணனோட போஸ்டுக்கு மூட்ட வெக்கறது அவன் வேலைன்னே ஆயிருச்சு. பெரியவன்கூடச் சொல்லுவான், டேய், நீ மட்டும் நேரத்துக்கு வர ஆரம்பிச்சா எனக்குப் பாதுகாப்பே போச்சுடான்னு. வெளையாட்டாச் சொன்னதுதான்.

அது நடந்ததுக்கு மொத நாள் நீங்க சின்னவனத் தலையில மூட்டைய வெச்சு கிரவுண்ட சுத்த விட்டீங்க. எல்லாரும் பாக்க. வாந்தி எடுத்தான். நாளைக்கு லேட்டா வந்தா டீம்லயே கெடையாதுன்னீங்க. நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லல. மாஸ்டர்னா கண்டிக்கத்தான் செய்யணும்.

மறுநாள் அவன் மொத ஆளாப் போயிட்டான். பூட்ஸக் கையில வெச்சுக்கிட்டு, தலகூட வாராம. மத்த பசங்களும் பயந்துக்கிட்டு கும்பலா வந்துட்டாங்க. அன்னிக்குக் கடைசியா வந்தவன்னு ஒருத்தன் இல்ல மாஸ்டர். யாருமே லேட்டா வரல. அதனால யாரும் ஷெட்டுக்குப் போகல. எல்லாரும் வந்துட்டாங்கன்ற சந்தோஷத்துல நீங்களும் விசில் ஊதிட்டீங்க.

மேல வந்த பந்த எம்பித் தட்டினான் பெரியவன். தட்டிட்டுக் கம்பியப் புடிச்சான். அப்படித்தான புடிக்கச் சொல்லித் தந்தீங்க, வலைக்குள்ள விழாம இருக்க? போஸ்டு மொத்தமும் அவனோட சேந்து வந்துருச்சு. முதுகுல.

தெரியும். இப்ப சிமென்ட் போட்டுப் பொதைச்சுட்டீங்க. பாத்தேன். நல்ல காரியம். அந்த மூட்டைங்க இன்னும் ஷெட்டுக்கு வெளியதான் கெடக்கு, கிழிஞ்சு புல்லு மொளைச்சுருச்சு.

விசாரணையில என்ன சொன்னாங்கன்னும் தெரியும். பையன் கம்பியில தொங்கி வெளையாடிக்கிட்டுருந்தான், நாங்க எறங்குடா எறங்குடான்னு கத்தினோம், கேக்கலன்னு. சொன்னது தூணு. பக்கத்துல நீங்க நின்னீங்க. நீங்க ஒண்ணும் சொல்லல, அதையும் ஒத்துக்கறேன். அவன் சொல்லி முடிச்சதும் அவன் தோள்ல கைய வெச்சீங்க, அவ்வளவுதான். அவனா சொல்லியிருப்பானா, சொல்லிக் குடுத்தாங்களான்னு எனக்குத் தெரியாது. அதுக்கப்பறம் அவன் இந்தத் தெருப்பக்கம் வர்றதில்ல. கிரவுண்டுல ஆடறப்பகூட இந்தச் சன்னலுக்கு முதுகக் காட்டித்தான் நிக்கப் பாக்கறான். பாவம், பாதி நேரம் எதிர்ப்பக்கம் ஆடித்தான ஆகணும்.

இல்ல, நான் சண்டைக்குக் கூப்புடல. அழவும் போறதில்ல, ஒக்காருங்க. நீங்க சீட்டு தர்றேங்கறீங்க, ஹாஸ்டல்ல சாப்பாடு, பூட்ஸு, எல்லாம். அண்ணன் நின்ன எடத்துல தம்பி நின்னா நல்லாருக்கும்னீங்க. அந்த வார்த்தைய மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்.

சின்னவனப் பத்திச் சொல்றேன். படிப்ப விட்டுட்டு எங்கயோ கடையில நிக்கறான்னு கேள்விப்பட்டீங்களா? அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லி வெச்சிருந்தோம். அன்னிலேருந்து அவன் பேச்சு கொறஞ்சு போச்சு. அண்ணன் கட்டில் மேல ஏறி ஒக்காந்துக்குவான், ரெண்டு பேரும் தலையோட தல சேத்து வெச்சுக்கிட்டு சன்னல் வழியாப் பாப்பாங்க. பெரியவன் காட்டுவான், இவன் கேப்பான். அப்பாடா, ரெண்டும் பேசிக்குதே, பொழுது போவுதேன்னு எனக்குச் சந்தோஷம். டீகூடப் போட்டுக் குடுப்பேன்.

அப்பறம்தான் காதக் குடுத்துக் கேட்டேன். எலியப் பத்தி ஒரு சாயங்காலம் பேசினாங்க. கொக்கப் பத்தி ஒரு சாயங்காலம். தூணப் பத்தி தெனமும் மாஸ்டர். எந்தக் கால மொதல்ல வெக்கறான், எந்தப் பக்கம் திரும்பினா முட்டி பூட்டிக்குது, ஊசி போட்ட நாள்ல எப்படி ஓடறான், போடாத நாள்ல எப்படி. தெனமும்.

ம்? அந்தச் செருப்பு ஸ்டாண்டப் பாக்கறீங்களா? காலியாத்தான் இருக்கும். பூட்ஸப் போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கான். ப்ராக்டீசுக்கு.

ஆமா. ஆத்துக்கு அந்தப் பக்கம். போன வருஷமே சேந்துட்டான். கோல்ல இல்ல, இனிமே எந்தக் கம்பிக்கும் கீழ நிக்க மாட்டேன்னு சொல்லிட்டான். முன்னாடி ஆடறான். சென்டர்ல. மொத ஆட்டத்துல உங்க தூணுக்கு நேர் எதிர்ல நிக்கப் போறது அவன்தான்.

இப்பப் புரிஞ்சுதா, ஏன் இவ்வளவு வளவளன்னு பேசினேன்னு? நீங்க இன்னிக்கு வரலன்னா நானே வந்திருப்பேன். அந்தத் தூண எறக்காதீங்க மாஸ்டர். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நீங்க ஜெயிங்க, தோத்துப் போங்க, அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் அவன வெளிய ஒக்கார வெய்யிங்க. இந்த வீட்டுல சாப்புட்ட புள்ள அது. பொய் சொன்னான், சொல்லட்டும், அதுக்காக இன்னொரு வீட்டுல ஒரு பொம்பள புள்ளையத் திருப்பிப் போடக் கத்துக்க வேணாம். என் வீட்டுல ஒருத்தன் படுத்துட்டான். இன்னொருத்தன் ஒருத்தனப் படுக்க வெச்சுட்டு வந்து என் முன்னாடி நின்னா, அவனுக்கு நான் எந்தக் கையால சோறு போடுவேன்?

என்ன?

ஊசி போட்டா சரியாயிடுமா.

ஊசி போட்டா வலி தெரியாது மாஸ்டர். இப்பதான உள்ள ஒரு கால ரெண்டு கையாலயும் தூக்கினீங்க. அதுலயும் வலியே இல்ல.

அவன் இல்லாம டீம் இல்ல, காலேஜ்ல உங்கள உண்டு இல்லன்னு பண்ணிருவாங்க, எல்லாம் புரியுது. இல்ல, நான் இதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. சின்னவன்கிட்டச் சொல்லிப் பாக்கலயான்னா கேக்கறீங்க? பெத்தவ சொல்லாம இருப்பேனா. இன்னிக்குக் காலையில கெளம்பறப்ப அவனே கேட்டான். அம்மா, பந்துக்குப் போகவா, காலுக்குப் போகவான்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். டேய், பந்துக்குப் போடா, பந்துக்கு மட்டும்தான் போகணும்னு கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன். அவன் என்னப் பாக்கல. உள்ள கட்டில்லேருந்து ஒருத்தன் என்ன சொல்றான்னு பாத்துக்கிட்டு நின்னான். பெரியவன் முகத்த சன்னல் பக்கம் திருப்பிக்கிட்டான்.

அதோ பாருங்க, கதவு இடுக்குல. கண்ணு தொறந்துதான் இருக்கு. தூங்கவே இல்ல போல, நாம பேசினது மொத்தமும் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கான். உங்களப் பாத்துத்தான் சிரிக்கறான், ஒரு வார்த்த பேசிட்டுப் போங்களேன்.

வேணாமா. சரி.

பசங்க எல்லாரும் வந்துட்டாங்க, அங்க பாருங்க, உங்களத்தான் தேடறாங்க. இன்னிக்குக் கடைசியாப் போறவர் நீங்கதான். படியில பாத்து எறங்குங்க, நடுவுல ஒண்ணு ஒடைஞ்சிருக்கு. நான் சொன்னத யோசிங்க மாஸ்டர். சின்னவன் ஆட்டத்துக்கு வராமப் போயிருவான், லேட்டாயிரும், அப்படி ஏதாவது நடக்கும்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. இப்பெல்லாம் அவன் எங்கயுமே லேட்டாப் போறதில்ல.